வேர் மட்டும் எஞ்சிய மலைத்தொடர்: குமரிக் கரையில் ஒரு நிலவியல் களப்பயணம்

தென்னிந்தியாவின் தென்கோடியில் நிலத்துக்கு அடியிலுள்ள பாறையைக் காண விரும்பும் மாணவருக்கு உள்நாட்டுப் பகுதி அவ்வளவாக இடம்கொடுப்பதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாறையின் மேற்பகுதி பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து செம்மண்ணாகவும் சரளையாகவும் மாறியிருப்பதோடு, அம்மண்ணின்மேல் தென்னையும் வாழையும் ரப்பரும் அடர்ந்து வளர்ந்திருப்பதால், கல்குவாரியின் புதிய வெட்டுமுகத்திலோ, சாலைக்காக வெட்டிய மேட்டின் ஓரத்திலோதான் பாறை சிறிது தலைகாட்டுகிறது. கடலோரத்தில் இந்த மறைப்பு இல்லை. அங்கே அலை மண்ணைத் தங்கவிடுவதில்லை. சிதைந்த மேலோட்டை அவ்வப்போது அரித்து அகற்றி, உள்ளிருக்கும் புதுப்பாறையை ஈரத்தோடும் நிறத்தோடும் வெளிக்காட்டியபடி இருக்கிறது. நிலவியல் துறையுள்ள கல்லூரிகள் தம் மாணவரைப் பாறைக் கரைகளுக்கு அழைத்துச் செல்வதற்கு இதுவே முதற்காரணம்.

சுமார் 70 கி.மீ. நீளமுள்ள இம்மாவட்டக் கடற்கரை முழுவதும் பாறையன்று. கன்னியாகுமரி முனையிலும், முட்டத்திலும், கடியப்பட்டணத்திலும் பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றுக்கிடையே நீண்ட மணற்கரைகளும், பழையாறு கடலில் சேரும் மணக்குடி, குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் தேங்காப்பட்டணம் போன்ற பொழிமுகங்களும் மாறிமாறி வருகின்றன. பாறையும் மணலும் இப்படி அடுத்தடுத்து அமைந்திருப்பது களப்பயணத்துக்கு ஒரு பெரும் வசதி. பாறையில் கண்ட கனிமத்தையே அடுத்த மணற்கரையில் தனித்தனி மணிகளாக அள்ளிப் பார்க்க முடிகிறது. விவேகானந்தர் நினைவு மண்டபமும் திருவள்ளுவர் சிலையும் நிற்கும் பாறைத்தீவுகளுக்குப் படகில் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் அவற்றின் மேலுள்ள கட்டுமானத்தையே பார்த்துத் திரும்புகின்றனர். கரையிலிருந்து பிரிந்து நிற்கும் அப்பாறைகளும், சற்று உள்ளே உயர்ந்திருக்கும் மருந்துவாழ் மலையும், அதற்கு வடக்கே தொடரும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்முனையும் ஒரே பாறைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பருவம் தேர்ந்து செல்வது இங்கே கல்விக்கும் உயிருக்கும் தேவையானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதும் இக்கரையில் பாறைமுனைகளை நெருங்கவே இயலாது. ஆகவே களப்பயணங்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்த டிசம்பருக்குப் பிறகு அமைகின்றன. கடலேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஓதம் ஏறி வழியை அடைத்துவிடும் என்ற அச்சம் குறைவு. மெய்யான அபாயம் அலையிடமிருந்தே வருகிறது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்கள் உண்டாக்கும் நெடும் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, உள்ளூரில் காற்றே இல்லாத தெளிந்த நாளில்கூட, முன்னறிவிப்பின்றிக் கரையில் ஏறிவிடுகின்றன. இதைக் கரையோர மக்கள் ‘கள்ளக்கடல்’ என்று அழைக்கின்றனர். கடல்சார் அறிவியலாளரும் அச்சொல்லையே ஏற்றுக்கொண்டு, எச்சரிக்கை அறிவிப்புகளில் பயன்படுத்துகின்றனர். பாசி படிந்த பாறையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது, அலை நனைத்த கோட்டுக்குக் கீழே தனியே இறங்கக் கூடாது, உள்ளூர் மீனவர் வேண்டாம் என்ற இடத்துக்குப் போகக் கூடாது என்பன களப்பயணத்தின் முதல் பாடங்கள்.

கருவிகள் எளியவை: சாய்வையும் திசையையும் அளக்கும் பிரண்டன் திசைகாட்டி, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல், சுத்தியல், களக்குறிப்பேடு. சாய்ந்த பாறைத்தளம் ஒன்று கிடைமட்டத் தளத்தை வெட்டும் கோட்டின் திசையைப் ‘போக்கு’ என்றும், அத்தளம் கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கிச் சரியும் கோணத்தைச் ‘சாய்வு’ என்றும் குறிப்பர். இவ்விரண்டு எண்களும் கையிலிருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு பாறைமுகத்தைக் கொண்டு நிலத்தடியில் அப்பாறை எப்படித் தொடர்கிறது என்பதை ஊகிக்கலாம். கருவிகளைவிடக் கடினமானது குறிப்பெடுக்கும் ஒழுக்கம். பாறையில் கண்டது ஒரு பக்கத்திலும், அதிலிருந்து ஊகித்தது எதிர்ப்பக்கத்திலும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். ‘சிவந்த மணிகள், 3 மி.மீ., சுற்றிலும் வெண்மை’ என்பது காட்சி, ‘பாறை உருகியது’ என்பது முடிவு. இரண்டையும் ஒரே வரியில் கலந்து எழுதும் மாணவர், பின்னாளில் முடிவு தவறென்று தெரியவந்தால் காட்சியையும் சேர்த்தே இழக்கிறார். ஒளிப்படம் எடுக்கும் முன் கையால் வரைந்துவிட வேண்டும் என்ற பழைய வழக்கமும் இதனால்தான் இன்றும் கைவிடப்படவில்லை. ஒளிப்படக்கருவி எல்லாவற்றையும் சமமாகப் பதிக்கிறது, வரையும் கையோ எது முக்கியம் என்று ஒவ்வொரு கோட்டிலும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பாடநூல்கள் பாறைகளைத் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என மூன்றாகப் பகுக்கின்றன. குமரிக் கரையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்றாம் வகை; அதாவது, முன்பு வேறொன்றாக இருந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் திண்ம நிலையிலேயே புதிய கனிமங்களாக மறுபடி படிகமானவை. ஊர்வழக்கில் இவையெல்லாம் ‘கருங்கல்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. நெருங்கிப் பார்த்தால் அவற்றில் வெளிர் பட்டைகளும் கரும்பட்டைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, வளைந்து நெளிந்து ஓடுவது தெரியும். இவ்வாறு பட்டையிட்ட உருமாறிய பாறைக்கு ‘நைஸ்’ என்று பெயர். வெளிர் பட்டைகளில் குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும், கரும்பட்டைகளில் காக்காய்ப்பொன் என்று நம்மவர் அழைக்கும் மைக்காவின் கரிய வகையான பயோடைட்டும் மிகுந்திருக்கின்றன. பட்டைகளைக் கண்டவுடன் இவை ஒருகாலத்தில் நீரில் படிந்த படுகைகள் என்று முடிவுகட்டுவது புதிய மாணவர் பலரும் செய்வது. ஆனால் பாறை மிகுந்த வெப்பத்தில் பிசையப்படும்போது கனிமங்கள் அழுத்தத்துக்குச் செங்குத்தான தளங்களில் ஒதுங்கிப் புதிய பட்டைகளை உண்டாக்கும். இக்கரையில் காணும் பட்டைகளில் பெரும்பாலானவை அப்படிப் பிறந்தவையே. அவற்றின் போக்கு வட்டார அளவில் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக அமைந்திருப்பதைப் பல இடங்களில் அளந்து தொகுத்த பின்னரே மாணவர் உணர்கின்றனர். ஒரே பாறையில் எடுத்த ஓர் அளவு எதையும் சொல்வதில்லை.

இப்பட்டைகளுக்கிடையே மணி மணியாகச் சிவந்து தெரிபவை கார்னெட். குன்றிமணி அளவிலிருந்து சில இடங்களில் அதைவிடப் பெரிதாகவும் காணப்படும் இக்கனிமம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம் ஆகியவை சிலிக்காவோடு சேர்ந்து உருவானது. கைலென்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பாறையை நோக்கி முகத்தைத் தாழ்த்தி ஒரே ஒரு கார்னெட் மணியைக் கவனித்தால், கரும்பட்டையின் நடுவே அது இருந்தாலும், தன்னைச் சுற்றி மைக்கா சிறிதுமில்லாத ஒரு வெண்வளையத்தைக் கொண்டிருப்பதைப் பல மணிகளில் காணலாம். அவ்வளையத்தில் இருப்பவை குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் மட்டுமே. மணி அங்கே வந்து சேர்ந்ததன்று. அங்கேயே இருந்த பயோடைட்டைக் கரைத்துத் தன் உடலை வளர்த்துக்கொண்டது. பயோடைட்டின் படிகத்துக்குள் நீர் பிணைந்திருக்கிறது. வெப்பம் ஏற ஏற, அது அருகிலுள்ள குவார்ட்சோடும் அலுமினியம் மிகுந்த கனிமங்களோடும் வினைபுரிந்து சிதைகிறது. அதிலிருந்த இரும்பும் மக்னீசியமும் கார்னெட்டாகின்றன, நீரும் மீதிப் பொருட்களும் சேர்ந்து சிறிதளவு பாறைக்குழம்பாகின்றன. அக்குழம்பு பின்னர் அதே இடத்தில் உறைந்ததே வெண்வளையம். ஒரு பாறை முழுவதும் உருகாமல், தன் உடலின் ஒரு பங்கை மட்டும் உருக்கி மறுபடி உறையவைத்ததற்கு இந்தக் கட்டைவிரல் அகல வட்டமே சான்று.

இவ்வகைப் பாறைகளில் சில, சில்லிமனைட் என்ற அலுமினியக் கனிமமும் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கலந்தவை. ஒடிசாவின் கோந்து மக்கள் வாழும் மலைகளை ஒட்டிக் ‘கோண்டலைட்’ எனப் பெயர்பெற்ற இவை, அலுமினியம் மிகுந்த களிமண் படிவுகளிலிருந்து உருமாறியவை என்பதில் நிலவியலாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அக்கிராஃபைட்டின் ஒரு பங்கு, அச்சேற்றில் புதைந்த தொல்லுயிர்களின் கார்பன் என்றும் கருதப்படுகிறது. எனவே, இன்று சுத்தியல் பட்டால் தீப்பொறி பறக்கும் இக்கற்களில் சில ஒருகாலத்தில் நீருக்கடியில் கிடந்த சேறு.

மற்றொரு முக்கியமான பாறை சார்னோக்கைட். கல்கத்தா நகரத்தின் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்குப் பயன்பட்ட கல், சென்னைப் பகுதியின் பல்லாவரம்–பரங்கிமலைப் பாறையை ஒத்திருந்ததைக் கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், 1893இல் அவர் நினைவாக இப்பெயரைச் சூட்டினார். உடைத்த புதுமுகத்தில் எண்ணெய் பூசினாற்போன்ற மங்கலான பச்சை கலந்த கருநிறம் கொண்ட இப்பாறையை, ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரற்ற கனிமம் அடையாளப்படுத்துகிறது. நீர் பிணைந்த பயோடைட்டின் இடத்தை நீரே இல்லாத ஹைப்பர்ஸ்தீன் பிடித்திருப்பது, பாறை கடும் வெப்பத்தில் உலர்ந்துபோனதைக் காட்டுகிறது. நீலகிரி, சேர்வராயன் மலை, பல்லாவரம், நாகர்கோவில் எனத் தமிழகத்தின் பல பகுதிகளில் இதைக் காணலாம். ஆயினும் பெயர் ஒன்றென்பதால் வயதும் ஒன்றாகிவிடாது: பல்லாவரத்தின் சார்னோக்கைட் உருமாறி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன, குமரியின் சார்னோக்கைட் இறுதியாக உருமாறியது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். பாறைப்பெயர் ஒரு நிலைமையைக் குறிக்கிறது, ஒரு காலத்தையன்று என்பதை மாணவர் மனத்தில் பதியவைக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இனி, இக்களப்பயணத்தின் மையமான கேள்விக்கு வரலாம். இப்பாறைகள் எந்த ஆழத்தில் உருவாயின? அழுத்தம் கூடும்போது கனிமங்களில் அடர்த்தி மிகுந்தவையே நிலைபெறுகின்றன. கார்னெட் அடர்த்தி மிகுந்தது. ஃபெல்ஸ்பார் அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே பாறையில் கார்னெட், ஹைப்பர்ஸ்தீன், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால், அவற்றுக்கிடையே கால்சியமும் அலுமினியமும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதை நுண்கருவியால் அளந்து, அப்பங்கீடு நிகழ்ந்த அழுத்தத்தைக் கணக்கிடலாம். அதேபோல் அடுத்தடுத்துள்ள கார்னெட்டிலும் பயோடைட்டிலும் இரும்பும் மக்னீசியமும் எந்த விகிதத்தில் பிரிந்திருக்கின்றன என்பது வெப்பநிலையைச் சொல்லிவிடும். தென்கேரளம், குமரி வட்டாரப் பாறைகளில் இவ்வாறு பெறப்படும் வெப்பநிலை 800 டிகிரி செல்சியசுக்கும் மேல். அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐயாயிரம் மடங்குக்கும் மேல், பல கணக்கீடுகளில் ஏழாயிரம் மடங்கை ஒட்டி. ஒவ்வோர் ஆயிரம் மடங்குக்கும் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் பாறைப்பாரம் தேவை என்பதால், இன்று மாணவர் நிற்கும் இடம் அன்று 20 முதல் 25 கி.மீ. ஆழத்தில் புதைந்திருந்திருக்க வேண்டும்.

இந்த எண்ணை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் முழுப்பொருள் விளங்குகிறது. நில அதிர்வு அலைகளைக் கொண்டு அளந்ததில், தென்னிந்தியாவின் நிலமேலோடு இன்றும் 35 முதல் 45 கி.மீ. வரை தடிமன் கொண்டிருக்கிறது; கண்டங்களின் நிலமேலோட்டுக்கு இது இயல்பான அளவு. இத்தடிமன் முழுவதும் அன்றும் இருந்ததெனக் கொண்டு, அதன் தலையில் 20 கி.மீ.க்கும் மேற்பட்ட பாறையை மறுபடி ஏற்றி வைத்தால், மொத்தம் 60 கி.மீ. அளவை எட்டுகிறது. இப்போது உலகில் அத்தகைய தடிமன் இமயமலை, திபெத் போன்ற உயர்நிலங்களுக்குக் கீழேதான் பரவலாகக் காணப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் மேலோட்டின் அடிப்பகுதியில் பாறை சேர்ந்தும் இருக்கலாம், நீங்கியும் இருக்கலாம் என்பதால் இந்தக் கூட்டல் துல்லியமானதன்று. ஆனால் அது காட்டும் திசை தெளிவானது. இரு கண்டத்துண்டுகள் மோதி நிலமேலோடு இருமடங்காகத் தடித்து, இமயத்தை ஒத்த உயர்ந்த மலைத்தொடர் ஒன்று இங்கே எழுந்து, பின்னர் மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டும், மேலோடு இழுபட்டு மெலிந்தும் அடியோடு நீங்கிவிட, அம்மலையின் வேர்ப்பகுதி மட்டும் கடல்மட்டத்தில் எஞ்சியிருக்கிறது. மலையேறும் பயணிகள் காண்பது மலைத்தொடர்களின் முகடுகளை. இங்கே வரும் மாணவரோ ஒரு மலைத்தொடரின் அடிவயிற்றின் மேல் நடக்கின்றனர். காணாமற்போன அந்த 20 கிலோமீட்டரே இக்கரையின் தலையாய உண்மை என்றும், அதை உணராமல் பாறைப்பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து திரும்பும் களப்பயணம் பாதிப்பயன்தான் தரும் என்றும் சொல்லலாம்.

அம்மலைத்தொடர் இந்தியாவுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. இலங்கையின் நடுமலைநாட்டிலும், மடகாஸ்கரின் தென்பகுதியிலும், கிழக்கு அண்டார்க்டிகாவின் கரையோரங்களிலும் இதே வகைக் கார்னெட் நைசுகளும், சார்னோக்கைட்டுகளும், கோண்டலைட்டுகளும், ஏறத்தாழ இதே 55 கோடி ஆண்டு வயதோடு கிடைக்கின்றன. இந்நிலங்களெல்லாம் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒன்றிணைந்தபோது எழுந்த மோதலின் தழும்புகள் அவை. பின்னர் அப்பெருங்கண்டம் உடைந்து, அண்டார்க்டிகாவிலிருந்து இந்தியா சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னும், மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் பிரிந்தன. குமரிமுனைக்குத் தெற்கே இன்று பெருங்கடல் தொடங்குவது அந்த உடைவினால்தான். பாறைப் பட்டைகளோ கடலின் எல்லையைப் பொருட்படுத்தாமல், இன்று எதிர்க்கரைகளில் இருக்கும் தம் தொடர்ச்சியை நோக்கி நீண்டிருந்தவை. கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டம் பற்றிய செய்திகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே நிகழ்ந்தது நிலம் மூழ்கியதன்று, பிரிந்து விலகியது. அதுவும் மனித இனம் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு.

வயதுக்கணக்கில் மாணவரைத் தடுமாற வைக்கும் ஒன்று உண்டு. நாகர்கோவில் வட்டாரச் சார்னோக்கைட்டிலிருந்து பிரித்தெடுத்த சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளைக் குறுக்கே அறுத்து ஆராய்ந்தால், மணியின் மையம் சுமார் 200 கோடி ஆண்டுகளையும், அதை உறைபோல் மூடிய விளிம்பு சுமார் 55 கோடி ஆண்டுகளையும் காட்டுகின்றன. சிர்கானுக்குள் சிறிதளவு சிக்கிக்கொள்ளும் யுரேனியம், அறிந்த வேகத்தில் ஈயமாகச் சிதைந்து வருவதால், இரண்டின் விகிதம் வயதைத் தருகிறது. மையம், பாறைக்குழம்பு முதன்முதலில் உறைந்து தீப்பாறையானபோது பிறந்தது; விளிம்பு, அதே பாறை மலையின் வேரில் மறுபடி வெந்தபோது வளர்ந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குகூட இல்லாத மணிகளில் இரண்டு பிறப்புகளும் பதிந்திருக்கின்றன. ஆகவே ‘இப்பாறையின் வயது என்ன’ என்ற கேள்விக்கு, ‘எந்த நிகழ்வின் வயது’ என்ற எதிர்க்கேள்வியே சரியான தொடக்கம்.

கருவி ஏதுமின்றிக் கரையிலேயே தீர்க்கக்கூடியது நிகழ்வுகளின் முன்பின் வரிசை. நைசின் பட்டைகளை ஒரு வெண்ணிற நரம்பு குறுக்கே வெட்டிச் சென்றால், வெட்டப்பட்டது முந்தையது, வெட்டியது பிந்தையது. பெரும்படிகங்களாக உறைந்த குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் கொண்ட இத்தகைய நரம்புகளைப் பெக்மடைட் என்பர். சில வெளிர்நரம்புகள் பட்டைகளோடு சேர்ந்து மடிந்திருக்கின்றன. வேறு சில, மடிப்புகளையும் ஊடறுத்து நேராகச் செல்கின்றன. அவற்றையும் விரிசல்கள் துண்டாடியிருக்கின்றன. பட்டை, மடியும் நரம்பு, மடியாத நரம்பு, விரிசல் என்று வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. கரும்பாறை அடுக்கொன்று நீட்டி இழுக்கப்பட்டு, மென்மையான வெளிர்பாறையின் நடுவே துண்டு துண்டாக அறுந்து கிடக்கும் காட்சியும் உண்டு. ஒரே வெப்பத்தில் ஒரு பாறை ஓடவும் மற்றொன்று முறியவும் செய்தது என்பதை அது உணர்த்துகிறது.

முட்டத்தின் உருண்ட பெரும்பாறைகள் ‘கடலோரக் கவிதைகள்’ போன்ற திரைப்படங்கள் வழியாகத் தமிழர் பலருக்கும் அறிமுகமானவை. அவற்றை அலை உருட்டி வழவழப்பாக்கியது என்று எண்ணுவது இயல்பு. அலைக்கு அதில் பங்கு குறைவே. மேலே இருந்த பாரம் நீங்கியதும் பாறையில் ஒன்றையொன்று வெட்டும் விரிசல்கள் உண்டாக, மழைநீர் அவற்றின் வழியே இறங்கி நிலத்தடியிலேயே பாறையைச் சிதைக்கத் தொடங்குகிறது. மூலைகள் மூன்று பக்கமும், விளிம்புகள் இரண்டு பக்கமும், முகங்கள் ஒரு பக்கமும் தாக்கப்படுவதால் மூலைகள் முதலில் அழிந்து, கட்டைபோலிருந்த துண்டு உள்ளுக்குள் உருண்டையாகிறது. அலை செய்தது, சுற்றியிருந்த சிதைந்த மண்ணைக் கழுவிவிட்டது மட்டுமே. இதற்கான காலமும் ஒன்றன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, இன்று அலை மோதும் பாறைமுனைகள் கரையிலிருந்து தொலைவில் நின்ற குன்றுகளாக இருந்தன. மீனவர் மீன் தேடிச் செல்லும் ‘பார்’ எனும் கடலடிப் பாறைத்திட்டுகளில் பலவும் அன்று காற்றும் மழையும் பட்ட நிலம். முட்டத்தை அடுத்துள்ள செந்நிறத் தேரி மணல், கடற்காற்று அள்ளிக் குவித்து, கார்னெட், இல்மனைட் முதலிய கனிமங்களின் இரும்பு துருவாகி ஒவ்வொரு மணியின்மேலும் பூசப்பட்டதால் சிவந்தது. மழை அதில் ஓடைகளை ஆழமாகக் கிழித்திருக்கிறது.

கன்னியாகுமரிக் கடைத்தெருவில் பலநிற மணலைப் பொட்டலம் கட்டி விற்பது நெடுநாள் வழக்கம். தேவியின் நின்றுபோன திருமணத்துக்கான அரிசியும் பிற பொருட்களும் இம்மணலாயின என்று தலபுராணக் கதை சொல்கிறது. நிலவியல் மாணவருக்கு அப்பொட்டலம், பாறையில் கண்ட கனிமங்களின் பட்டியல்: வெண்மை குவார்ட்ஸ், சிவப்பு கார்னெட், கருமை இல்மனைட். மணவாளக்குறிச்சியை ஒட்டிய கரையில், அலையேறும் சரிவில் முழங்கை ஆழத்துக்குக் கையால் பள்ளம் தோண்டி, அதன் சுவரை அட்டையால் சீராகச் சீவினால், வெள்ளை வரிகளும் கருவரிகளும் விரலளவு, நூலளவு தடிமனில் மாறிமாறி அடுக்கியிருப்பது தெரியும். ஒரு சிட்டிகைக் கருமணலை உள்ளங்கையில் வைத்து லென்சில் பார்த்தால், கருமணிகள் பக்கத்து வரியின் வெள்ளை மணிகளைவிடத் தெளிவாகவே சிறியவை. குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65, கார்னெட்டுடையது ஏறத்தாழ 4, இல்மனைட், சிர்கான் இரண்டும் 4.7ஐ ஒட்டியவை, மோனசைட் 5ஐ ஒட்டியது. மேலேறும் அலை பெருமணியையும் சிறுமணியையும் ஒருங்கே கொண்டுவந்து போடுகிறது. திரும்பும் நீருக்கு அத்தனை வலு இல்லாததால், மேலெழுந்து நிற்கும் பெரிய இலேசான மணிகளை மட்டும் இழுத்துச் செல்கிறது. முறத்தில் புடைக்கும்போது பதரும் மணியும் பிரிவதை ஒத்தது இது. வேறுபாடு, இங்கே எடுபடுவது பெரியது, தங்குவது சிறியது. தென்மேற்குப் பருவத்தில் கரை அரிக்கப்படும்போது வெண்மணல் கடலுக்குள் போய்க் கருமணல் கனத்த அடுக்காக எஞ்சுவதும், பருவம் முடிந்ததும் வெண்மணல் திரும்பி வந்து அதை மூடுவதும் ஆண்டுதோறும் நிகழ்வது; ஆகவே சுவரின் அடுக்குகளில் ஒருபகுதி பருவங்களின் பதிவு.

சாதாரணக் காந்தம் இக்கருமணலில் சிறிதளவு மாக்னடைட்டை மட்டுமே பற்றும். வலிய காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினால் இல்மனைட்டும் பின்தொடரும். சிர்கானும் சில்லிமனைட்டும் அசையா. ஆலைகளில் கனிமங்களைப் பிரிப்பதும் அடிப்படையில் இதே பண்புகளைக் கொண்டுதான். 1909இல், இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்ததிலிருந்து மணவாளக்குறிச்சியின் பெயர் உலகறிந்தது. அக்காலத்துக் காஸ் விளக்குகளின் வலைத்திரிக்குத் தோரியம் தேவைப்பட்டது. அருமண் தனிமங்களின் பாஸ்பேட்டான மோனசைட்டில், இங்கே தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 விழுக்காடு வரை இருப்பதால், இக்கரையின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட மிகுதி. கரையில் வீடு கட்டி வாழும் மக்களுக்கு இம்மணல் ஒரு பாடப்பொருள் மட்டுமன்று. உடல்நலம், பிழைப்பு, கரையரிப்பு ஆகிய மூன்று கவலைகளும் அதனோடு பிணைந்தவை. தனியார் தாதுமணல் அள்ளுவதைத் தமிழ்நாடு அரசு 2013இல் தடைசெய்தது. மாணவர் மாதிரியாக எடுக்கும் மணல் ஒரு கைப்பிடிக்கு மேல் தேவையில்லை. அதற்கும் உரியவர்களிடம் சொல்லிவிட்டு எடுப்பதே முறை. பாறையிலும் அலை மெருகேற்றிய நல்ல முகங்களைச் சுத்தியலால் சிதைப்பது, அடுத்து வருவோரின் பாடநூலைக் கிழிப்பதாகும்; உதிர்ந்து கிடக்கும் துண்டே மாதிரிக்குப் போதும்.

இக்கருமணல் அத்தனையும் காணாமற்போன அந்த 20 கிலோமீட்டரின் எச்சம் என்று கொள்வது பிழை. அம்மலையின் பெரும்பகுதி கோண்டுவானாக் காலத்திலேயே அரிபட்டு எங்கெங்கோ படிந்துவிட்டது. இன்றைய மணல், மேற்குத்தொடர்ச்சி மலைச்சரிவில் வெப்பமண்டல மழை அண்மைக் காலத்தில் சிதைத்த மேலோட்டிலிருந்து வள்ளியாறு முதலிய சிற்றாறுகள் சுமந்து வந்தது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிக் கரைந்துபோக, சிதையாத கனிமங்கள் மட்டும் கரைவரை வந்து சேர்ந்திருக்கின்றன.

களத்தில் முடிவாகாத கேள்விகள் ஆய்வகத்துக்குச் செல்கின்றன. மாதிரிப் பாறையை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். நுண்ணோக்கியில் கார்னெட்டின் விளிம்பை எந்தக் கனிமம் தின்றிருக்கிறது, ஹைப்பர்ஸ்தீன் பயோடைட்டின் எந்தப் பக்கத்தில் முளைத்திருக்கிறது என்பவை தெரியும். சார்னோக்கைட்டை உலர்த்தியது எது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. 1960இல் பிச்சமுத்து என்ற நிலவியலாளர், கர்நாடகத்தின் கப்பல்துர்க்கத்தில் வெளிர் நைசுக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோக்கைட் உருவாகிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நிற்பதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்; கேரளத்தின் பொன்முடியிலும் அத்தகைய திட்டுகள் பின்னர் விரிவாக ஆராயப்பட்டன. ஆழத்திலிருந்து விரிசல் வழியே ஏறிய கரியமிலவாயு, நீரை விரட்டிப் பாறையை உலர்த்தியது என்பது ஒரு தரப்பு. பாறையில் உண்டான குழம்பே நீரைத் தன்னுள் உறிஞ்சிக்கொண்டு வெளியேறியது என்பது மறுதரப்பு. திட்டுகள் விரிசலையும் மடிப்பின் தளங்களையும் தொடர்ந்து ஓடுகின்றனவா, குழம்பு உறைந்த வெண்ணரம்புகளைச் சூழ்ந்து நிற்கின்றனவா என்பதே இரு தரப்பையும் சோதிக்கும் வழி. பாறைக்குப் பாறை அளந்து, வரைந்து, குறித்துவைக்கும் அந்த வேலை களத்தில் மட்டுமே செய்யக்கூடியது, அதைச் செய்வதற்கான பயிற்சியைத்தான் மாணவர் குமரிக் கரையில் தொடங்குகின்றனர்.